தேக்கா வேப்பெண்ணெயா, நர்சரி ஸ்ப்ரேயா? வீவக தாழ்வாரச் செடிகளுக்கு எது உதவும்

சிங்கப்பூரில் வேப்பெண்ணெய் மூன்று விதமாகக் கிடைக்கிறது. தேக்கா எனப்படும் லிட்டில் இந்தியா வட்டாரத்தில், சிராங்கூன் சாலை, பஃபலோ ரோடு பக்கத்து மளிகை, நாட்டு மருந்துக் கடைகளில் சின்ன பாட்டிலில் பிழிந்த எண்ணெய். பூசைச் சாமான் கடைகளில் விளக்கேற்றும் எண்ணெய். நர்சரிகளிலும் இணையக் கடைகளிலும் அப்படியே தெளிக்கத் தயாரான ஸ்ப்ரே. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் பத்துப் பதினைந்து தொட்டி வைத்திருப்பவர் வாங்க வேண்டியது முதலாவது. இரண்டாவதைச் செடிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. மூன்றாவது, ஒன்றிரண்டு தொட்டி மட்டும் உள்ள வீட்டுக்குப் போதும். "வேப்பெண்ணெய் அடித்தும் பூச்சி போகவில்லை" என்று அலுத்துக்கொள்பவர்கள் பலர். அவர்கள் வாங்கிய எண்ணெயில் பெரும்பாலும் குறை இருப்பதில்லை. கலக்கும் விதத்திலும் தெளிக்கும் நேரத்திலும்தான் கோளாறு.

முதலில் பாட்டில். வேப்பெண்ணெயின் வேலையைச் செய்யும் முக்கியமான பொருள் அசாடிராக்டின். அது வேப்பங்கொட்டைப் பருப்பில்தான் அதிகம், இலையில் மிகக் குறைவு. தேக்கா சந்தையில் வாங்கிய வேப்பிலையைக் கொதிக்க வைத்துத் தெளித்தால் மாவுப்பூச்சிக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம் அதுதான். கொட்டையைச் சூடேற்றாமல் பிழிந்த எண்ணெயில் இந்தப் பொருள் தங்கும். சூட்டிலும், வேதிப்பொருள் கொண்டு சுத்திகரிப்பதிலும் வீணாகும். ஆகவே லேபிளில் 'குளிர்முறையில் பிழிந்தது' என்ற வாசகமும், வேறு எண்ணெய் எதுவும் சேர்க்கப்படவில்லை என்ற குறிப்பும் இருக்க வேண்டும். நல்ல எண்ணெய் பச்சை கலந்த பழுப்பு நிறம். மூடியைத் திறந்தால் பூண்டும் கடலைப் புண்ணாக்கும் கலந்த மாதிரி ஒரு நெடி மூக்கைத் துளைக்கும். வெளிர் மஞ்சளாக, வாசனையே இல்லாமல் இருந்தால் அதிலிருந்து வேண்டியதை எடுத்துவிட்டார்கள் என்று பொருள்.

நர்சரி ஸ்ப்ரேக்களில் பலவற்றின் லேபிளில் வேப்பெண்ணெயின் தெளிவூட்டிய சாறு என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அது அசாடிராக்டினைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் எண்ணெய். பூச்சியின் உடம்பில் படிந்து, அது மூச்சுவிடும் துளைகளை அடைத்துக் கொல்லும். பட்ட பூச்சி சாகும், படாத பூச்சிக்கு ஒன்றும் ஆகாது. பிழிந்த எண்ணெய் இதோடு இன்னும் இரண்டு வேலை செய்கிறது. இலையைத் தின்ன விடாமல் தடுக்கிறது. குஞ்சுப் பூச்சி தோலுரித்து வளர்வதையும் குலைக்கிறது. அதனால் பலன் அன்றைக்கே தெரியாது. தெளித்த மறுநாள் பூச்சி நடமாடுவதைப் பார்த்துவிட்டு மருந்து போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நாலைந்து நாள் கழித்துப் புதுக் கொழுந்தைப் பாருங்கள், அங்கேதான் வித்தியாசம் தெரியும்.

விளக்கேற்றும் எண்ணெயின் கதை வேறு. பஞ்சதீப எண்ணெய் போன்றவை பல எண்ணெய்கள் சேர்ந்தவை, சிலவற்றில் வாசனைப் பொருளும் உண்டு. வேப்பெண்ணெய் என்றே எழுதியிருந்தாலும், விளக்குக்கு மட்டும் என்று குறிப்பு இருந்தால் அதில் என்ன கலந்திருக்கிறது என்பது கடைக்காரருக்கே தெரியாது. விளக்கு நன்றாக எரியும், துளசி இலை கருகும்.

இந்தியாவிலிருந்து வரும் விவசாயக் கலவைகளும் சில கடைகளில் கிடைக்கின்றன. அவற்றில் அசாடிராக்டினின் அளவு பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) கணக்கில் இருக்கும். 1500 பிபிஎம் என்றால் லிட்டருக்கு 5 மி.லி., 10000 பிபிஎம் என்றால் 2 மி.லி.க்கு மேல் வேண்டாம். இவற்றில் தண்ணீரோடு கலக்கும் பொருள் ஏற்கெனவே சேர்ந்திருப்பதால் சோப்பு சேர்க்கக் கூடாது.

இனி கலவை. மொத்த விஷயமும் இங்கேதான் நிற்கிறது அல்லது விழுகிறது.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு எண்ணெய் 5 மி.லி., அதாவது சமையலறையில் இருக்கும் அளவு டீஸ்பூனால் தலைதட்டி ஒன்று. வாசனையும் ப்ளீச்சும் இல்லாத, பாத்திரம் கழுவும் திரவம் 1 முதல் 2 மி.லி. வரை. வயலில் 3 சதவீதம், அதாவது லிட்டருக்கு 30 மி.லி. என்று தமிழ்நாட்டில் பரிந்துரைப்பார்கள். அதைப் படித்துவிட்டுத் தொட்டிச் செடிக்கும் அதே அளவை ஊற்றுகிறவர்கள் உண்டு. காற்றோட்டம் குறைந்த தாழ்வாரத்தில், ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும் இந்த ஊரில், அந்த அளவு எண்ணெய் இலையில் காயாமல் பிசுபிசுவென்று நின்று, நுனியைக் கருக்கும்.

ஊற்றும் வரிசை முக்கியம். அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் முதலில் சோப்புத் திரவத்தைக் கரையுங்கள். அதில் எண்ணெயை விட்டு, மூடிய சிறு பாட்டிலில் ஒரு நிமிடம் பலமாகக் குலுக்குங்கள். கலவை பால் போல வெளுக்க வேண்டும். பிறகு மீதித் தண்ணீரைச் சேருங்கள். ஐந்து நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள். மேலே பழுப்பு வளையம் கட்டினால் சோப்பு போதவில்லை, இன்னும் சில துளி விட்டு மறுபடி குலுக்குங்கள். வெள்ளையாகவே நின்றால் தெளிக்கலாம்.

இந்தச் சோதனையைத் தவிர்த்தால் என்ன ஆகும் என்பதைத் தெளிப்பானைப் பார்த்தாலே புரியும். உறிஞ்சும் குழாயின் வாய் பாட்டிலின் அடியில் இருக்கிறது. கலக்காத எண்ணெய் மேலே மிதக்கிறது. முதல் பத்துச் செடிக்கு வெறும் தண்ணீர் போகும், பூச்சிக்கு ஒன்றும் ஆகாது. பாட்டில் காலியாகும் நேரத்தில் கடைசிச் செடிக்குச் சுத்த எண்ணெய் போகும், அந்தச் செடி பட்டுப்போகும். ஒரே நாளில் ஒரே மருந்து ஒரு செடியில் வேலை செய்யாமலும் இன்னொரு செடியைக் கொன்றும் போவதற்கு வேறு மர்மம் இல்லை. தெளிக்கும்போதும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை குலுக்கிக்கொள்ளுங்கள்.

சோப்புக்குப் பதில் பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரும் எண்ணெயைக் கலக்கும், ஆனால் சீக்கிரம் பிரிந்துவிடும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ சேர்ப்பது இணையத்தில் பரவலாகச் சொல்லப்படுகிறது. நீங்கள் கலப்பது உண்மையான சோப்பாக இருந்தால் புளிப்பு பட்டதும் அது திரிந்து எண்ணெய் பிரிந்துவிடும், சேர்க்காதீர்கள். கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். தண்ணீரில் கலந்தபின் அசாடிராக்டின் சிதையத் தொடங்கும், தண்ணீரில் காரத்தன்மை இருந்தால் இன்னும் வேகமாக. அடுத்த வாரத்துக்கு என்று எடுத்துவைத்த கலவையில் நெடிதான் மிஞ்சியிருக்கும்.

100 மி.லி. பாட்டில் ஒன்று 20 லிட்டர் கலவை தரும். இரண்டடிக் கறிவேப்பிலைக்கு ஒரு தடவை 100 முதல் 150 மி.லி. கலவை போதும். 500 மி.லி. நர்சரி ஸ்ப்ரே அதே செடிக்கு மூன்று முதல் ஐந்து தடவைதான் வரும். இந்தக் கணக்குக்குப் பிறகு விலை ஒப்பீடு தேவையில்லை. ஆனால் 1 லிட்டர் கேன் மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். திறந்த பாட்டில் இந்த வெப்பத்தில் நாளாக நாளாக வீரியம் இழக்கும். சின்ன பாட்டிலாக வாங்கி, திறந்த தேதியை மேலே எழுதி, வெளிச்சம் படாத அலமாரியில் வைப்பது நல்லது.

நேரத்துக்கு வருவோம். வெயில் அசாடிராக்டினை அழிக்கும், எண்ணெய் படிந்த இலையை வெயில் பொசுக்கும். காலையில் தெளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் இங்கே ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா சூறைக்காற்று விடியற்காலையிலும் முற்பகலிலும்தான் மழையைக் கொண்டுவரும். காலையில் அடித்த மருந்து பத்து மணிக்கு வடிகாலில் இருக்கும். மாலை ஆறரைக்கு மேல், வெயில் தாழ்ந்தபின் தெளித்தால் இரவு முழுவதும் அது இலையில் நிற்கும். தாழ்வாரம் மேற்குப் பார்த்ததாக இருந்தால் சுவரின் சூடு தணியும் வரை இன்னும் கொஞ்சம் பொறுங்கள். காய்ந்த மண்ணில் வாடி நிற்கும் செடிக்குத் தெளிக்கக் கூடாது. காலையிலேயே தண்ணீர் ஊற்றி, செடி நிமிர்ந்தபின் மாலையில் தெளியுங்கள்.

இலையின் அடிப்பக்கம், கணுவின் இடுக்கு, கொழுந்தின் உள்மடிப்பு. பூச்சி இருப்பது அங்கேதான். தொட்டியைச் சாய்த்துப் பிடித்துக் கீழிருந்து மேலாக அடியுங்கள். தூக்க முடிந்த தொட்டியைக் குளியலறைக்குள் கொண்டுபோய்த் தெளிப்பது அண்டை வீட்டாருக்கும் நல்லது. நெடி பாதி நாள் நிற்கும், மூங்கில் கம்பில் காயும் துணியில் சாரல் பட்டால் துவைத்தாலும் போகாது. ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை தெளிப்பது ஒரு சுற்று. முட்டையை எண்ணெய் முழுதாக அழிக்காது. அவை பொரித்து வரும் குஞ்சுகளை அடுத்தடுத்த தடவையில் பிடிப்பதற்குத்தான் இந்த இடைவெளி. ஒருமுறை அடித்துவிட்டு நிறுத்தினால் இரண்டாவது வாரமே பழைய கணக்குக்கு வந்துவிடும்.

எந்தப் பூச்சிக்கு இது உதவும், எதற்கு உதவாது? மிளகாயை எடுத்துக்கொள்ளலாம், இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இலையின் ஓரம் மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் அது இலைப்பேன். இலை கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, கொழுந்து தடித்துக் கரடுமுரடாக இருந்தால் அது மஞ்சள் சிலந்தி. பார்க்க இரண்டும் 'இலைச் சுருட்டு'தான், மருந்து ஒன்றல்ல. இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய் கைகொடுக்கும். வெள்ளைத் தாளைப் பூவுக்கு அடியில் பிடித்துத் தட்டினால் ஊசிமுனை அளவில் மஞ்சளாக இலைப்பேன் ஓடுவது தெரியும். மஞ்சள் சிலந்தி மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இல்லாமல் கண்ணுக்குத் தட்டுப்படாது. கொழுந்துக்குள் ஒளிந்திருப்பதால் எண்ணெய் அதை அரைகுறையாகத்தான் எட்டும். சுருண்ட நுனிகளை இரண்டு மூன்று கணு கீழே வரை கிள்ளிப் பையில் கட்டி எறியுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம். ஆனால் எண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் போடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் இலை எரிந்துபோகும்.

மாவுப்பூச்சி செம்பருத்தி, கத்தரி, மிளகாய் எல்லாவற்றிலும் வரும். அதன் மெழுகுப் பூச்சில் தண்ணீர் ஒட்டாது, அதனால்தான் சோப்பு சேர்ந்த எண்ணெய் வேண்டும். பெரிய கூட்டமாக இருந்தால் முதலில் 70 சதவீத ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்துத் துடைத்து எடுத்துவிட்டு, மறுநாள் எண்ணெய். அதைவிட முக்கியம் எறும்பு. மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காத்து, அடுத்த தொட்டிக்கும் கொண்டுபோய் விடும். எறும்பின் போக்கைக் கண்டுபிடித்து ஜெல் மருந்து வைக்காமல் வேப்பெண்ணெய் அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்வதுதான். இன்னொரு சிக்கல் நெருக்கம். தீ பாதுகாப்புக்காகத் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விடவேண்டியிருப்பதால் எல்லாத் தொட்டியையும் ஒரே ஓரத்தில் ஒட்டி வைக்கிறோம். இலையோடு இலை உரசும் இடத்தில் பூச்சி நடந்தே கடக்கும். இரண்டு தொட்டியைக் குறைத்தால் மருந்தும் குறையும்.

தெளிக்கும் முன் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவே, அதே வெள்ளை மெழுகோடு, ஆனால் நீளமான மெழுகு இழைகள் தொங்க, விறுவிறுவென்று நடக்கும் ஒன்று தென்பட்டால் அது மாவுப்பூச்சியல்ல. மாவுப்பூச்சியைத் தின்ன வந்த பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சி இவ்வளவு வேகமாக நடக்காது. அந்தக் கிளையை விட்டுவிடுங்கள்.

கறிவேப்பிலையில் கொழுந்து முறுக்கி, மஞ்சள் குஞ்சுகள் வெள்ளை நூல் விட்டபடி இருந்தால் அது சிட்ரஸ் சாற்றுப்பூச்சி. எலுமிச்சைக்கும் இதுதான் எதிரி. புதுக் கொழுந்து அரை அங்குலம் இருக்கும்போதே எண்ணெய் தெளித்தால் நல்ல பலன் உண்டு, முழு இலை ஆனபின் பலனில்லை. பறவை எச்சம் போலப் பழுப்பும் வெள்ளையுமாக ஒட்டியிருப்பது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. அதற்கு மருந்தே வேண்டாம், கையால் எடுத்துவிடலாம். சமையலுக்கு வேண்டிய கறிவேப்பிலையைத் தெளிக்கும் முன்பே பறித்துவையுங்கள். பிறகு ஒரு வாரமாவது விட்டு, நன்றாகக் கழுவிச் சமையுங்கள். இல்லாவிட்டால் ரசம் கசக்கும். துளசியின் இலை மென்மையானது, அதற்குப் பாதி அளவு போதும். முதலில் ஒரு கிளையில் தெளித்து இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள்.

செதில் பூச்சி முற்றி ஓடு கட்டிவிட்டால் எண்ணெய் ஊடுருவாது, பழைய டூத்பிரஷால் தேய்த்து எடுக்க வேண்டும். தொட்டியின் அடித்துளையில் வெள்ளைப் பொடி தெரிந்தால் வேரில் மாவுப்பூச்சி, மேலே தெளித்துப் பயனில்லை. செடியைப் பிடுங்கி, வேரைக் கழுவி, புது மண்ணில் வைப்பதுதான் வழி.

பருவத்தைப் பொறுத்து வேலை மாறும். டிசம்பர், ஜனவரி மழையில் சாரல் படும் தாழ்வாரத்தில் தெளிப்பது வீண். அந்த மாதங்களில் நத்தையைக் கையால் பொறுக்குவதும், பழுத்த இலையை அகற்றிக் காற்று போக விடுவதும் போதும். பிப்ரவரியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை மழை குறைந்து காற்று வீசும்போது செஞ்சிலந்தி வரும். இலையில் ஊசி குத்தியது போல வெளிறிய புள்ளி, அடியில் மெல்லிய வலை. அதற்கு முதல் மருந்து தண்ணீர்தான். இலையின் அடிப்பக்கத்தைக் குழாய் நீரால் வேகமாகக் கழுவி, காய்ந்தபின் எண்ணெய் தெளியுங்கள். இடைவெளியை ஐந்து நாளாகக் குறையுங்கள். புகைமூட்டம் வரும் மாதங்களில் இலையில் தூசி படிந்தாலும் இதே கதைதான்.

கூடவே விற்கும் மற்ற இரண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேப்பம் புண்ணாக்கு, பத்து அங்குலத் தொட்டிக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 20 முதல் 30 கிராம், மண்ணுக்குள் ஓர் அங்குலம் புதைத்துப் போடுங்கள். மேலே தூவினால் ஈரத்தில் பூஞ்சை பிடித்து ஈ மொய்க்கும். நல்ல பொருள்தான், ஆனால் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டால் வேர் வெந்துவிடும். மஞ்சள் ஒட்டு அட்டை வெள்ளை ஈயையும் மண் கொசுவையும் கணக்கெடுக்க உதவும், ஒழிக்க உதவாது. திறந்த தாழ்வாரத்தில் அதைத் தொங்கவிடுவதை எங்களால் பரிந்துரைக்க முடியாது. தேன்சிட்டுகள் நம் தாழ்வாரச் செடிகளில் வந்து கூடு கட்டுகின்றன. அந்த அளவுப் பறவை அட்டையில் ஒட்டினால் இறகு பிய்ந்து சாகும். பல்லியும் அப்படித்தான். வைத்தே ஆகவேண்டுமானால் வீட்டுக்குள், வலைக் கூண்டுக்குள் வையுங்கள்.

தொட்டித் தட்டில் தேங்கும் தண்ணீரில் வேப்பெண்ணெய் விட்டால் கொசு வராது என்ற நம்பிக்கையை நம்பி இருக்காதீர்கள். ஏடிஸ் கொசுவுக்குத் தட்டையே எடுத்துவிடுவதுதான் வழி. எடுக்க முடியாத இடத்தில் தட்டைத் தினமும் கவிழ்த்து, இறுகிய மேல்மண்ணைக் கிளறிவிடுங்கள்.

நர்சரி ஸ்ப்ரேக்கு நியாயமாகச் சொல்ல வேண்டிய நல்லதும் உண்டு. நெடி மிகக் குறைவு, எண்ணெய் பிரியாது, கலக்கத் தெரிய வேண்டியதில்லை. வீட்டுக்குள் ஜன்னலோரம் இரண்டு அழகுச் செடி வைத்திருப்பவர், அல்லது ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருப்பவர், அதையே வாங்கலாம். ஐந்து நாளுக்கு ஒருமுறை, இலையின் அடிப்பக்கம் சொட்டும் வரை அடிக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

வேப்பெண்ணெய் இயற்கையானது என்பதற்காகக் கவனக்குறைவாக இருக்க முடியாது. மீன் தொட்டிக்குப் பக்கத்தில் தெளிக்காதீர்கள். குடல் பூச்சிக்கோ வயிற்றுக்கோ நல்லது என்று சிறு குழந்தைக்கு இதைப் புகட்டும் பழக்கம் சில குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. கைக்குழந்தைகளுக்கு இதனால் வாந்தி, வலிப்பு, மூளை வீக்கம் வரை போனது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. பாட்டிலைச் சமையல் எண்ணெயோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள், கலவையைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை குடித்துவிட்டது தெரிந்தால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். மயக்கமோ வலிப்போ இருந்தால் 995-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள்.